படகின் வயிற்றில் ஒரு நோரித் தாள்

“காலை எடு, காலை எடு! பூச்சு கலையுது!”

“எப்படி எடுக்கறது? கால் வருது, காலுறை வரமாட்டேங்குது! உள்ள என்ன கருமத்தை வெச்சிருக்கீங்க?”

“கருமம் இல்ல, படகு. மெதுவா, மெதுவா இழு—”

“படகா? மனுஷங்க கால் நீட்டற போர்வைக்குள்ள படகா?”

“கத்தாதே நுயி, எதிர் வீட்டுல கேக்கப் போவுது.”

“கேக்கட்டும். இசாமுவோட பொண்டாட்டி பசையில ஒட்டிக்கிட்டா, ஆளுக்கொரு கை பிடிங்கன்னு நானே கூப்பிடறேன்!”

செவ்வாய்க்கிழமை மதியம் அது. பிப்ரவரிக் குளிரில் மீன் கடை வரை நடந்துவிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கொதாட்சுக்குள் காலை விட்டிருந்தேன். குளிர்காலத்தில் எங்கள் வீடே அந்தக் குட்டை மேசையைச் சுற்றித்தான் நடக்கும். மேலே பலகை, நாலு பக்கமும் தரைவரை தொங்கும் பஞ்சுப் போர்வை, அடியில் மின்சூடு. சாப்பாடு, டிவி, குட்டித் தூக்கம், சண்டை எல்லாம் அங்கேதான். இப்போது போர்வையைத் தூக்கிப் பார்த்தால், சிவந்த வெளிச்சத்தில் ஒரு மரப் படகு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றடி நீளம் இருக்கும். அதன் உள்பக்கம் முழுக்கத் தேன் தடவியதுபோல் மினுமினுப்பு. அந்தத் தேனில்தான் என் காலுறை.

“என்ன நாத்தம் இது? மூணு நாள் பழைய மீன் மாதிரி.”

“ரெசின். ரெண்டு டப்பாவையும் கலந்தா அப்படித்தான் வாடை வரும். இறுகினா போயிடும். இருபது டிகிரி இருந்தாத்தான் இறுகும்னு டப்பாவுல போட்டிருக்கு. பின்னறையில ஆறு டிகிரி. நான் என்ன பண்றது?”

“அதுக்கு என் போர்வையா கெடைச்சுது?”

“நம்ம போர்வை.”

“துவைக்கும்போது மட்டும் என் போர்வை, இல்ல?”

என் கணவர் மண்டியிட்டு, சமையல் சாமணத்தால் காலுறை நூலைப் பூச்சிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அப்படி இருக்கும்போது அவரைத் திட்டினால் காதில் ஏறாது. ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியும்.

மேலே சண்டை போட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குக் கோபமில்லை. இரண்டு மாதம் சும்மா கிடந்த பிறகு இந்த மனுஷர் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறார்.

எங்கள் சானுகிப் பக்கம் குளங்களுக்குப் பஞ்சமில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓய்வுபெற்ற ஆண்கள் ஏழெட்டுப் பேர் கூடி, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு படகு விடுவார்கள். போன நவம்பரில் இவரும் தன் முதல் படகை இறக்கினார். ஒன்பது நிமிஷம் மிதந்தது. பிறகு மூக்கைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல், வணக்கம் சொல்வதுபோல் முழுகிப்போனது. தாகெமோதோ-சான் தூண்டிலைப் போட்டு அதை மேலே இழுத்தார். பழைய டாக்சி டிரைவர் அவர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

“ஹமாசாகி-சான், இது நீர்மூழ்கின்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க வீணா பதறிட்டோமே!”

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் ஒழுகல் கண்டுபிடித்தவர் இவர். நீளமான இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டே, எந்தத் தெருவில் எந்தக் குழாய் கசிகிறது என்று சொல்லிவிடுவார். அந்த மனுஷரின் படகு ஒழுகிவிட்டது. வீட்டுக்கு வந்து ஈரப் படகைக் குப்பையில் போட்டார். அதற்கப்புறம் குளத்துப் பக்கமே போகவில்லை. கொதாட்சுக்குள் இடுப்புவரை புதைந்துகொண்டு டிவியில் சுமோ பார்ப்பார். ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு தேநீர்க் கிண்ணத்தில் ஊற்றினால் அரைக் கிண்ணம் வரும்.

புத்தாண்டு முடிந்த கையோடு, தேவதாரு மரப்பட்டிகள் வாங்கி வந்து இன்னொன்றை ஆரம்பித்தார். விலா எலும்புகள் மாதிரி சட்டங்கள், அவற்றின் மேல் விரலகல மரப்பட்டிகள். ஆரம்பித்த அன்றே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்:

“இதுவும் முழுகிச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் நான் குளத்துக்குப் போறதா இல்ல.”

வருகிற ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் பிளம் பூ பார்க்கும் நாள். அன்றைக்குத்தான் இறக்கப் போகிறார்.

“வெளியில சிவப்பு பெயிண்ட் அடிக்கப் போறீங்களே, அது போதாதா? உள்ள எதுக்கு இந்தப் பிசின்?”

“பெயிண்ட் அழகுக்கு. ஒரு கல்லுல உரசுச்சுன்னா போச்சு, தண்ணி மரத்துக்குள்ள போயிடும். மரம் ஊறும், உப்பும், இணைப்பு வாயைத் தெறக்கும். போன தடவ அதுதான் நடந்துச்சு. உள்பக்கம் வெறும் வார்னிஷ் அடிச்சு விட்டுட்டேன். மரத்தோட உள்பக்கத்தை அடைச்சாத்தான் படகு.”

“சரி, அடைங்க. என் காலைச் சேர்த்து அடைக்காதீங்க.”

அன்று சாயங்காலம் முழுக்க நான் சமையலறை நாற்காலியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொதாட்சு அதிகபட்சச் சூட்டில் படகுக்காக எரிந்தது.

புதன்கிழமை காலை. முள்ளங்கியை வட்ட வட்டமாக நறுக்கி அடுப்பில் ஏற்றியிருந்தேன். பக்கத்து அறையில் சத்தமே இல்லை. பூச்சு நன்றாக இறுகியிருந்தால் ஒரு முறையாவது “ஓ” என்றிருப்பார். போய்ப் பார்த்தேன். படகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இறுகலையா?”

“இறுகிருச்சு.”

“அப்புறம் என்ன?”

“பாரு.”

பார்த்தேன். தண்ணீர் வடிந்த சேற்றில் நண்டு வளைகள் இருக்குமே, அப்படி உள்பூச்சு முழுக்க ஊசிமுனைத் துளைகள். சில இடங்களில் குமிழி உடையாமல் அப்படியே கண்ணாடியாக உறைந்திருந்தது.

“தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?”

“ஊத்தினேன்.” படகைத் திருப்பிக் காட்டினார். பெயிண்ட் அடிக்காத அடிப்பக்கத்தில் இணைப்பு நெடுக வியர்வை முத்துகள். மூக்குப் பக்கம்தான் அதிகம்.

“இவ்வளவு ஓட்டை எங்கேர்ந்து வந்துச்சு?”

“மரத்துக்குள்ள காத்து இருக்குது. அது வெளிய வந்திருக்குது.” குரல் தட்டையாக இருந்தது. “விடு நுயி. மாடியில போட்டுடறேன். இன்னும் நாலு நாள்தான் இருக்கு. தாகெமோதோகிட்ட சளின்னு சொல்லிக்கலாம்.”

“உங்களுக்கா சளி?”

“உனக்கு.”

“எனக்கு எதுக்குச் சளி? நான் அவரை மீன் கடையில தினம் பாக்கறேன்!”

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். சிரிக்கவில்லை. படகைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கி நடந்தார். மாடிக்குப் போன பொருள் எங்கள் வீட்டில் கீழே இறங்கியதே இல்லை. மகள் வாசித்த ஆர்கன், என் தையல் மிஷின், இவர் ஒரே ஒரு வாரம் ஓட்டிய உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

“நில்லுங்க. நேத்து இதுல பிசினைப் பூசினப்போ படகு ஜில்லுனு இருந்துச்சா?”

“பின்னே? ஆறு டிகிரியில இருந்துச்சு.”

“பூசினதுக்கு அப்புறம்தான் கொதாட்சுக்குள்ள வெச்சீங்க.”

“ஆமா. இப்ப எதுக்கு விசாரணை?”

“இங்க வாங்க.”

“அடுப்புல முள்ளங்கிதானே இருக்கு.”

“முள்ளங்கியேதான். வாங்க.”

வந்தார், படகோடு. நான் மூடியைத் திறந்தேன். துண்டுகளைச் சுற்றி நுரை ஏறிக்கொண்டிருந்தது.

“இப்ப இது கொதிக்குது. கொதிக்கிறப்போ எடுத்துக் கடிச்சா உள்ள உப்பு இருக்குமா?”

“இருக்காது. சப்புனு இருக்கும்.”

“ஏன்?”

“சூடா இருக்கிறப்ப ஏறாது. அடுப்பை அணைச்சு ஆற விடணும். ஆறும்போதுதான் சாறு உள்ள…” நிறுத்திவிட்டார்.

“சொல்லுங்க.”

“…உள்ள இறங்கும்.”

“எனக்கு உங்க ரெசின் தெரியாது. ஆனா எந்தப் பண்டமும் சூடேறும்போது உள்ள இருக்கறதை வெளிய தள்ளும், ஆறும்போது வெளிய இருக்கறதை உள்ள இழுக்கும். ஐம்பது வருஷமா நீங்க என் முள்ளங்கியைத் திங்கறீங்க. ஜில்லுனு இருக்கிற மரத்துல பூசிட்டு அப்புறம் சூடு காட்டினா, அது பாவம், உள்ள இருந்த மூச்சை எல்லாம் உங்க பூச்சு வழியா விட்டிருக்கு.”

அவர் படகைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். மறுபடி படகைப் பார்த்தார்.

“அப்போ முதல்ல சூடு காட்டணும்.”

“ம்.”

“சூட்டை அணைச்சு வெளிய எடுத்து, ஆறிக்கிட்டு இருக்கிறப்போ பூசணும்.”

“நான் ஒண்ணும் சொல்லல. நான் முள்ளங்கியைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்.”

“முப்பத்தெட்டு வருஷம் தண்ணிக் குழாயோட மாரடிச்சேன்,” என்றார். “எனக்குத் தோணலையே.”

“குழாயைத் திங்க முடியாது. அதான்.”

இதற்குச் சிரித்தார். மாடிப்படியை மறந்துவிட்டார்.

அன்று பகல் பூராவும் உப்புத்தாள் சத்தம். துளை உள்ள பூச்சை எல்லாம் தேய்த்து, மரம் கண்ணில் படும்வரை வழித்தார். வீடெங்கும் வெள்ளைத் தூசு. தேநீரில்கூடத் தூசு.

வியாழக்கிழமை படகு மறுபடி கொதாட்சுக்குள் போனது. இந்த முறை வெறும் மரமாக, நனைந்ததெல்லாம் காய்ந்து சூடேற. காலையிலிருந்து மதியம்வரை அதற்கே கொடுத்தாயிற்று.

“கால் ஜில்லுங்குதா?” என்று கேட்டார்.

“இல்ல, பழகிடுச்சு. இந்த வீட்டுல படகுக்கு அப்புறம்தானே பொண்டாட்டி.”

“அப்படிச் சொல்லாதே. ரெசினுக்கு அப்புறம்தான் படகு.”

“அப்ப நான் மூணாவதா?”

“முள்ளங்கி இருக்குதே, அது மூணாவது.”

ஒரு மணிக்கு மின்சூட்டை அணைத்தார். படகை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். அப்போதுதான் குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பின்னறைக்குக் கொண்டுபோக வேண்டாமென்று நான்தான் சொன்னேன். அங்கே ஆறு டிகிரியில் பூச்சு இறுகவே இறுகாது. இந்த அறையிலேயே, குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பைத் தள்ளி வைத்துவிட்டு, பாய் மேல் பழைய செய்தித்தாள் விரித்தேன். மீன் நாற்றத்துக்கு ஜன்னலை விரலளவு திறந்து வைத்தேன்.

அவர் தூரிகையால் பூச ஆரம்பித்தார். நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, பூசிய இடத்தில் பளபளப்பு மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே வந்தது. குமிழி ஒன்றுகூட எழவில்லை.

“குடிக்குது,” என்று கிசுகிசுத்தார்.

“குடிக்கட்டும். இன்னும் ஊத்துங்க.”

“நுயி, குடிக்குது பாரேன்!”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். தூரிகையை ஆட்டாதீங்க, என் முகத்துல தெறிக்குது.”

மூக்குப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு பக்கப் பலகைகளும் சேரும் அந்த இடுக்கில் அவருடைய தடித்த விரலும் போகவில்லை, தூரிகையும் போகவில்லை. போன நவம்பரில் முதலில் தாழ்ந்தது அந்த மூக்குதான்.

“போன தடவயும் இங்க எட்டல,” என்றார். “பரவால்லன்னு விட்டுட்டேன்.”

அதை அதுவரை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய், பொரிக்கும்போது பயன்படுத்தும் நீளக் குச்சிகளில் ஒன்றை எடுத்து, அதன் நுனியில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சைச் சின்னதாக வெட்டி நூலால் கட்டினேன்.

“தள்ளுங்க.”

“உனக்குக் கண்ணு தெரியுமா?”

“கண்ணு எதுக்கு? உங்க மக காதுல அழுக்கு எடுத்த கை இது. நீங்க விளக்கைப் பிடிங்க.”

அந்த இடுக்கில் மூன்று முறை ஒற்றினேன். ஒவ்வொரு முறையும் மரம் உறிஞ்சிக்கொண்டது. அதன் மேல் நகத்தளவு கண்ணாடி இழைத் துணியை வைத்து, அதையும் குச்சியால் அழுத்தினேன். அவர் மூச்சு என் காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குச்சி பிறகு பொரிப்பதற்கு ஆகவில்லை. அதன் ஜோடி மட்டும் ஒற்றையாக இன்னும் பெட்டியில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை உள்பக்கம் கிண்ணத்தின் அடிபோல் வழவழவென்று இருந்தது. ஒரு துளையைக்கூடத் தேடிப் பிடிக்க முடியவில்லை. மேல்தளமும் அதில் ஒரு மூடியும் பொருந்தின, வெளியே சிவப்பு பெயிண்ட் ஏறியது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“ஒழுகல்னா உடனே தெரியாது. துளியூண்டு ஈரம் முதல்ல வரும். கையை விட்டுத் தடவினா ஜில்லுங்கறது எது, ஈரம் எதுன்னு புரியாது.”

“உள்ள நோரி போடுங்க.”

“நோரியா?”

“தகர டப்பாவுல இருக்கிற நல்ல நோரி. கடல்பாசித் தாளுக்கு ஈரத்தோட மோப்பம் தெரியற மாதிரி வேற எதுக்கும் தெரியாது. டப்பா மூடி சரியா மூடலேன்னாலே துவண்டு போவுது. ஒரு தாளைப் படகுக்குள்ள போட்டு மூடுங்க. எடுத்து ஒடிங்க. ‘டப்’னு ஒடிஞ்சா காய்ஞ்சிருக்கு. துணி மாதிரி மடிஞ்சா ஒழுகுது.”

 “குடிநீர்ப் பிரிவுல உன்னை வேலைக்குச் சேர்த்திருக்கணும்,” என்றார்.

சனிக்கிழமை மதியம் குளியல் தொட்டியில் சோதனை. முந்தின நாள் வெந்நீர் அதில் மிச்சம் இருந்தது. மூடி போட்டிருந்ததால் இன்னும் சூடு அடங்கவில்லை. ஆள் அப்படியே இறக்கப் போனார்.

“மறுபடியும் சூடா? மறுபடியும்?”

“ஐயோ,” என்று கையை இழுத்துக்கொண்டார். தொட்டியைக் காலி செய்து, குளிர்ந்த நீர் பிடித்து, படகைவிட்டு, உள்ளே நோரி வைத்து, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஊன்று கம்பியைக்கூட எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து, அதன் முனையைப் படகின் தளத்தில் வைத்துக் காதைப் பொருத்திக் கேட்டார்.

பிறகு வெளியே வந்தார். கையில் நோரி. ஈரக் கைக்குட்டைபோல் தொங்கியது.

“போச்சு,” என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். துவண்டிருந்தது உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துவண்டிருந்தது.

“படகோட மேல்மூடியை மூடினீங்களா?”

“திறந்துதான் வெச்சேன். உள்ள பாக்க வேணாமா?”

“குளிக்கிற அறையில! வெந்நீரைக் கொட்டின ஆவி இன்னும் சுவத்துல வழியுது. அங்க போய் நோரியைத் திறந்து வெச்சா மொறுமொறுன்னா இருக்கும்? அந்த அறையில நீங்க உக்காந்திருந்தீங்களே, நீங்களே துவண்டுதான் வந்திருக்கீங்க.”

“அப்போ ஒழுகலையா?”

“கம்பியில என்ன கேட்டுச்சு?”

“ஒண்ணும் கேக்கல.”

“அப்புறம் என்ன?”

“எனக்குக் காது முன்ன மாதிரி இல்ல நுயி.”

 மறுபடி சோதிக்கலாமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நாளைக்குத் தெரிந்துவிடும், எப்படியும் தெரிந்துவிடும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் பிளம் பூ பாதிதான் பூத்திருந்தது. காற்று குறுக்கே அடித்தது. நான் சோற்றுருண்டைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். வழக்கமாகச் சுற்றும் நோரியை இந்த முறை உருண்டைகளுக்குச் சுற்றவில்லை. ஒரே ஒரு முழுத் தாள் மட்டும் மடிக்காமல் படகின் வயிற்றில் இருந்தது. மேல்மூடியை நானே அழுத்தி மூடி, ஓரத்தில் பிளாஸ்டிக் டேப் ஒட்டினேன்.

“அடடே, ஹமாசாகி-சான்!” தாகெமோதோ-சான் தூண்டிலோடு நின்றார். “வந்துட்டீங்களா! பாருங்க, நான் தயாரா வந்திருக்கேன். இந்தத் தடவ பெரிய முள்ளு போட்டிருக்கேன்.”

“மீன் பிடிச்சுக்குங்க,” என்றார் இவர்.

“மூணு மாசமா மீன்தான் பிடிச்சேன். உங்க படகு சைஸுக்கு எதுவும் மாட்டல. அம்மா, நீங்களும் வந்திருக்கீங்களே, நீங்க எதுக்கு? மிதவைக்கா?”

“உங்க வாயை அடைக்கச் சோறு கொண்டாந்திருக்கேன்.”

படகு இறங்கியது. சிவப்பு வயிறு தண்ணீரைத் தொட்டதும் சின்னதாகக் குலுங்கி, நேராக நின்றது. இவர் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.

நான் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது என்றிருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான்கு நிமிஷம். படகு நடுக்குளத்தைச் சுற்றி வந்தது. ஏழு. ஒரு வாத்து கூடவே நீந்தியது. எட்டு. தாகெமோதோ-சான் பேச்சை நிறுத்திவிட்டார். ஒன்பதில் குறுக்குக் காற்று அலையைத் தூக்க, மூக்கு தாழ்ந்தது. இவர் கை அப்படியே நின்றுவிட்டது. என் கை அவருடைய கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். மூக்கு நிமிர்ந்தது. தண்ணீரை உதறிக்கொண்டு படகு திரும்பியது.

“திரும்பிருச்சு,” என்றார் தாகெமோதோ-சான் மெதுவாக.

பதினைந்து. இருபது. இருபத்தைந்தாவது நிமிஷம் கரைக்கு வந்தது.

இவர் குந்தி உட்கார்ந்து படகைத் துண்டால் துடைத்தார். டேப்பின் நுனி அவர் நகத்துக்கு அகப்படவில்லை. நான் உரித்தேன். மூடியைத் தூக்கி, உள்ளே கைவிட்டு, நோரியை எடுத்தார். ஏதோ கடிதம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்தை மடக்கினார்.

டப்.

“எனக்கே கேட்டுச்சு!” என்று கத்தினார் தாகெமோதோ-சான். “ஆனா இது என்னது, படகுக்குள்ள நோரி?”

“ஒழுகல் பாக்கிற கருவி,” என்றார் இவர். “எங்க பிரிவுல புதுசா வந்தது.” மறுபடி ஒடித்தார். மறுபடி டப். தேவையே இல்லாமல் மூன்றாவது முறையும் ஒடித்தார்.

“போதும், எனக்குச் சுத்தறதுக்கு மிச்சம் வைங்க,” என்று பிடுங்கி, துண்டுகளைச் சோற்றுருண்டைகளில் சுற்றினேன். ஒன்று தாகெமோதோ-சானுக்கு. அவர் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று இவருக்கு. லேசாக ரெசின் வாடை அடித்தது. இவருக்கு அது தெரியவில்லை. வாய் நிறைய வைத்துக்கொண்டு, கண்ணைக் குளத்தை விட்டு எடுக்காமல், ஒரு கையால் படகை மறுபடி தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார். நான் கூடையை மூடினேன்.

“அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை உருண்டை பிடிக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க.”